காயலான் கடைக்குப் போன இரும்பு கம்பியாகத் திரும்புவது எப்படி?

இரும்பு ஆலை என்றதும் பிலாய், ராவுர்கேலா மாதிரி ஓர் ஊரையே வளைத்துப் போட்டு நிற்கும் ஆலைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே வேலை மண்ணிலிருந்து தொடங்குகிறது. இரும்புத் தாது என்பது ஆக்சிஜனோடு ஒட்டிக் கிடக்கும் இரும்பு, அந்த ஆக்சிஜனைப் பிடுங்கி எடுக்கத்தான் ஊதுலையில் அவ்வளவு கோக் (சுட்ட நிலக்கரி) எரிகிறது. மினி மில் என்கிற சிற்றாலை இந்த வேலையைத் தொடுவதே இல்லை. எப்போதோ யாரோ இரும்பாக்கி வைத்தது, பாலமாகவும் பஸ்ஸாகவும் பீரோவாகவும் உழைத்து ஓய்ந்து காயலான் கடைக்கு வந்த பிறகு, அதை உருக்கி மறுபடி வார்த்து உருட்டுவதுதான் இதன் தொழில். கஷ்டமான பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்ட சரக்கு என்பதால் ஊதுலையும் வேண்டாம், கோக் அடுப்பும் வேண்டாம், பழைய இரும்பும் கரண்டும் இருந்தால் போதும். ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்றால், பழைய இரும்பை மட்டும் மின்சாரத்தில் உருக்கும்போது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான் (அந்த மின்சாரம் எதை எரித்து வந்தது என்பதைப் பொறுத்து இது ஏறும், இறங்கும்).

சரி, ஆனால் சிற்றாலைகள் ஏன் பெரும்பாலும் கம்பி, ஆங்கிள், சேனல் என்று இந்த வகைச் சரக்கையே போடுகின்றன? கார் தகடு ஏன் முதலில் வரவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முழு விஷயமும் புரிந்துவிடும். பழைய இரும்பை உருக்கினால் எல்லாம் சுத்தமாகி, புத்தம்புது இரும்பாக மாறிவிடும் என்று நினைக்கிறோம், அது பாதிதான் உண்மை. சில அழுக்குகளை உலை வெளியே தள்ளும், சிலவற்றை எந்த உலையாலும் தள்ள முடியாது.

முதலில் ஆலையின் முற்றத்திலிருந்து ஆரம்பிப்போம். வந்து இறங்கும் சரக்கு எல்லாம் ஒரே ரகம் இல்லை. தடித்த இரும்பு, அதாவது பழைய தண்டவாளம், எந்திர உடல், கப்பல் தகடு வகையறா, எச்.எம்.எஸ். என்ற பெயரில் விற்பனையாகும். கார்களை ஷ்ரெடரில் போட்டுக் கைப்பிடி அளவுத் துண்டுகளாக அரைத்து, காந்தத்தால் பிரித்தெடுத்தது ஷ்ரெடட். லேத் பட்டறைச் சீவல் தனி, அதில் எண்ணெய் ஊறியிருக்கும். ஆலைகளில் பிரஸ் வெட்டி மிச்சமான புதுத்தகட்டுத் துணுக்குகள் தனி, இவைதான் இருப்பதிலேயே சுத்தம், விலையும் அதற்கேற்பத்தான். யார்டில் நிற்கிற அனுபவசாலி ஒரு லோடைக் கண்ணால் பார்த்தே, மண் எவ்வளவு, துரு எவ்வளவு, உருகினால் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம், உலை அப்புறம்தான்.

லாரி உள்ளே நுழையும் இடத்தில் எடை மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் நிற்கும், கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள். இது சும்மா சம்பிரதாயத்துக்கு வைத்ததில்லை. 1983 டிசம்பரில் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில், கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உள்ளே இருந்த ஒரு பழைய கதிர்வீச்சு சிகிச்சை எந்திரம் காயலான் கடைக்குப் போனது. அது உலைக்குப் போய், கட்டடக் கம்பியாகவும் மேஜைக் காலாகவும் வெளியே வந்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள்ளும் போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கம்பியை ஏற்றிய ஒரு லாரி 1984 ஜனவரியில் வழி தவறி லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தின் பக்கம் போக, அங்கிருந்த கருவி கத்தியதால்தான் விஷயமே வெளியே வந்தது. நம் ஊரிலும் நடந்தது: 2010-ல் டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக் கருவியைப் பிரித்தபோது, உள்ளே இருந்த கோபால்ட்-60 பலரைப் பாதித்தது, ஒருவர் இறந்தே போனார். உலைக்கு முன்பே பிடிபட்டால் ஒரு கடையோடு போகும், உலைக்குள் போய்விட்டால் ஒரு ஹீட் முழுக்க, அதாவது ஒரு தடவை உருக்கும் மொத்தச் சரக்கும் போச்சு.

கதிரியக்கம் அபூர்வம்தான். அன்றாடம் பயப்பட வேண்டியது மூடிய பாத்திரங்களுக்கு: கேஸ் சிலிண்டர், இரண்டு பக்கமும் அடைத்த பைப், தண்ணீர் தேங்கிய டிரம். உருகிய எஃகுக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அது ஆவியாகி விரிய இடமில்லாமல் வெடிக்கும், உலைமேடையில் நிற்பவர்கள் மேல் 1,600 டிகிரியில் உலோகம் தெறிக்கும். மழைக்காலத்தில் யார்டில் நனைந்த சரக்கை அப்படியே கொட்டக்கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம் உலை. பெரிய சிற்றாலைகளில் இருப்பது ஆர்க் உலை. தேக்சா மாதிரி அகன்ற ஒரு கலம், கழற்றி நகர்த்தக்கூடிய மூடி, அந்த மூடியின் வழியே உள்ளே இறங்கும் மூன்று கிராபைட் எலக்ட்ரோடுகள். மூடியை ஒதுக்கிவிட்டு, அடிப்பக்கம் திறக்கும் ராட்சத வாளியால் மேலிருந்து சரக்கைக் கொட்டுவார்கள். வாளியை நிரப்புவதிலும் ஒரு வரிசை உண்டு: அடியில் லேசான சரக்கு, கனமானது விழும்போது உலையின் தரை உடையாமல் இருக்க. நடுவில் கனமானது. மேலே திரும்பவும் லேசானது, எலக்ட்ரோடு இறங்கும்போது எதிலும் மோதி முறியாமல் துளைத்துக்கொண்டு போக. எலக்ட்ரோடு ஆள் உயரத்துக்கும் மேலே, தூண் பருமனில் இருக்கும், முறிந்தால் செலவு மட்டும் இல்லை, அரை ஷிப்ட் வேலையும் சேர்ந்து போகும்.

கரண்டைப் போட்டதும் எலக்ட்ரோடுக்கும் இரும்புக்கும் நடுவில் மின்வில் பாய்கிறது. 3,000 டிகிரிக்கும் மேலான சூடு. ஆரம்ப நிமிடங்களில் வரும் சத்தம், இடி விடாமல் இடிப்பது போலத்தான், திடச்சரக்கு சரியச் சரிய வில் அணைந்து அணைந்து பற்றுவதால் வருவது. கொஞ்ச நேரத்தில் அடியில் உலோகக் குளம் சேர்ந்ததும் சத்தம் அடங்குகிறது. சுண்ணாம்பு போட்டு, ஆக்சிஜனும் கரித்தூளும் ஊதினால், மேலே மிதக்கும் கசடு நுரைத்து எழும்பி மின்வில்லையே மூடிக்கொள்ளும். வில்லின் சூடு சுவருக்குப் போகாமல் உலோகத்துக்குள் இறங்க இந்த நுரைதான் காரணம், நல்ல உலைக்காரர் நுரையைப் பார்த்தே உலை எப்படி ஓடுகிறது என்று சொல்வார்.

ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 400 யூனிட் கரண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டன் உலை என்றால் ஒரு ஹீட்டுக்கு 40,000 யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது 16 வருஷத்துக்கு மேல் வரும், இங்கே நன்றாக ஓடும் உலை ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிட்டு அடுத்த வாளிக்கு வாயைத் திறக்கும்.

இப்போது அந்த அழுக்கு விஷயம். ஆக்சிஜனை ஊதும்போது உலோகக் குளத்தில் யார் யாருக்கு ஆக்சிஜன் மேல் இரும்பைவிட ஆசை அதிகமோ அவர்கள் முதலில் ஆக்சைடாகி வெளியேறுவார்கள். சிலிக்கான், மாங்கனீசு, அலுமினியம் எல்லாம் கசடுக்குப் போய்விடும். கார்பன் வாயுவாகப் போகும். பாஸ்பரஸும், கசடில் சுண்ணாம்பு தாராளமாக இருந்தால், வெளியேறும். துத்தநாகம் பூசிய தகட்டிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிப் புகையோடு போய்விடும், அந்தப் புகைத்தூசியைப் பைகளில் வடிகட்டிப் பிடித்து, துத்தநாகத்தைத் திரும்ப எடுக்கும் தொழில் தனியாக இருக்கிறது.

செம்பு மட்டும் அசையாது. ஆக்சிஜன் மேல் அதற்கு இரும்பைவிட ஆசை குறைவு. அதனால் குளத்தில் உள்ள மொத்த இரும்பையும் எரித்துக் கசடாக்கினால்தான் செம்பு எரியத் தொடங்கும், அப்படிச் செய்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. வெள்ளீயமும் நிக்கலும் இதே கதைதான். இந்தச் செம்பு எங்கிருந்து வருகிறது என்றால், காரை அரைக்கும்போது கூடவே அரைபடும் சின்னச் சின்ன மோட்டார்கள், வயர்கள், ஆல்டர்னேட்டர் சுருள்கள். காந்தம் இரும்போடு சேர்த்து மோட்டாரையும் இழுத்துக்கொள்கிறது, ஏனென்றால் மோட்டாருக்கு இரும்பு உடம்பு.

செம்பு இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? எஃகை உருட்டுவதற்காகத் திரும்பச் சூடாக்கும்போது மேல்தோலில் இரும்பு மட்டும் துருவாகி உரிந்துபோகிறது, உரியாத செம்பு தோலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. செம்பு உருகுவது 1,085 டிகிரியில். உருட்டும் சூடு அதை ஒட்டியது. உருகிய செம்பு எஃகின் படிக மணிகளுக்கு நடுவே இறங்கி, ரோலர் அழுத்தும்போது மேற்பரப்பில் விரிசல் விரிசலாகப் பிளக்க வைக்கும். காரின் கதவுத் தகடு போல மெல்லிதாக, மழமழவென்று, அச்சில் வைத்து ஆழமாக இழுத்தாலும் கிழியாத எஃகு வேண்டும் என்றால் செம்பு 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். கட்டடக் கம்பிக்கு 0.4 சதவீதம் வரைகூடப் பெரிய பாதகமில்லை. கம்பி தடிமன், யாரும் அதை ஆழமாக இழுக்கப் போவதில்லை, அதன் தோல் அழகை யாரும் பார்க்கப் போவதில்லை, கான்கிரீட்டுக்குள் மறையப் போகிறது. மென்மையும் அதற்குத் தேவையில்லை, வலுதான் தேவை. பழைய இரும்பின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் சரக்கு கம்பி, சிற்றாலைகள் அங்கே போய் உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, கம்பி உருட்டாலைக்கு ஆகும் முதலீடு தகட்டாலையைவிட வெகு குறைவு என்பது.

அமெரிக்காவின் நூக்கர் கம்பெனி இந்த வழியில் வந்ததுதான். அது முதலில் எஃகு ஆலையே இல்லை, கூரைகளைத் தாங்கும் எஃகு ஜாயிஸ்ட் செய்து விற்றுக்கொண்டிருந்தது, அதற்கு வேண்டிய ஆங்கிளையும் கம்பியையும் வெளியே வாங்கியது. கென் ஐவர்சன் தலைமையில், வாங்குவானேன், நாமே போட்டுக்கொள்வோமே என்று 1969-ல் தென் கரோலினாவின் டார்லிங்டனில் பழைய இரும்பை உருக்கும் ஆலையைத் தொடங்கினார்கள். இருபது வருஷம் கழித்து 1989-ல்தான் இண்டியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் தகடு போடத் துணிந்தார்கள். பின்னாளில் டிரினிடாடிலும் லூசியானாவிலும் தாதுவிலிருந்து நேரடியாக இரும்பெடுக்கும் ஆலைகளையும் கட்டிக்கொண்டார்கள். செம்பை எடுக்க முடியாது, செம்பில்லாத புது இரும்பைக் கலந்து அதன் விகிதத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான் வழி. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் இன்னும் கொஞ்சம் பருப்பு சேர்த்துச் சமாளிப்பது போல. இன்று அமெரிக்காவில் உற்பத்தியாகும் எஃகில் ஏறக்குறைய 70 சதவீதம் மின் உலையிலிருந்துதான் வருகிறது.

நம் ஊர் நிலவரம் கொஞ்சம் வேறு. கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் தெரியும், அங்கேயுள்ள கம்பி ஆலைகளில் நிறைய இண்டக்‌ஷன் உலைகள். இதில் எலக்ட்ரோடும் கிடையாது, மின்வில்லும் கிடையாது. சுற்றிலும் செம்புச் சுருள் (அதற்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும்), சுருளில் பாயும் மின்சாரம் உள்ளே கிடக்கும் இரும்பிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சூடாக்கும். முதலீடு குறைவு, சின்ன அளவிலும் கட்டுப்படியாகும், சத்தமும் இல்லை. இந்தியாவின் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் உருகுகிறது.

குறை எங்கே என்றால், இது உருக்கும், சுத்திகரிக்காது. சூடு உலோகத்துக்குள் பிறக்கிறது, கசடு சூடேறுவதே அடியில் உள்ள உலோகத்தால்தான், அதனால் கசடு மந்தமாகக் கிடக்கும். உலைச் சுவரும் பெரும்பாலும் சிலிக்கா மண், சுண்ணாம்புக் கசடு அதை அரித்துவிடும். ஆகவே ஆர்க் உலையில் போவது போல பாஸ்பரஸ் இங்கே போகாது, கந்தகமும் அப்படியே. உள்ளே போட்டதுதான் வெளியே வரும். நல்ல சரக்காகப் பொறுக்கிப் போட்டு, ஸ்பாஞ்ச் அயர்னை (தாதுவிலிருந்து நேரடியாக எடுத்த புது இரும்பு) கணக்காகக் கலந்து, லேடில் என்கிற பெரிய வாளியில் வைத்துப் பக்குவம் பார்க்கிற ஆலை தரமான கம்பி தரும், இதில் சந்தேகமே இல்லை. கிடைத்ததைக் கொட்டுகிற ஆலையைக் காப்பாற்ற ஒரு வழியும் கிடையாது. சீனா 2017-ல் பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி போடும் ஆலைகளை மொத்தமாக மூடச் சொன்னதற்குத் தரமும் ஒரு காரணம். நாம் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சோதனைக்கூடம் ஒழுங்காக இயங்கினால் போதும், அது எல்லா ஆலையிலும் ஒழுங்காக இயங்குகிறதா என்பது வேறு கதை.

உருகியதை லேடிலில் ஊற்றி, ஃபெர்ரோ சிலிக்கானும் சிலிக்கோ மாங்கனீசும் போட்டு, மாதிரி எடுத்துப் பரிசோதித்து, கணக்கு சரியானதும் காஸ்டிங் மேடைக்கு ஏற்றுவார்கள். அங்கே எஃகு ஒரு தொட்டி வழியாக, அடியும் மேலும் திறந்த சதுரக் குழாய் அச்சுக்குள் இடைவிடாமல் இறங்குகிறது. அச்சு எதனால் செய்தது தெரியுமா? எந்தச் செம்பை எஃகுக்குள் வரவே கூடாது என்று திட்டினோமோ அதே செம்பால். 1,500 டிகிரிக்கும் மேற்பட்ட எஃகு 1,085 டிகிரியில் உருகும் செம்பைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது, வெளிப்பக்கம் வேகமாக ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை உடனுக்குடன் எடுத்துப் போவதால் செம்பு பிழைக்கிறது. எஃகு அச்சில் ஒட்டாமல் இருக்க அச்சு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், கடுகு இனத்து எண்ணெயும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே வரும்போது தோல் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறைந்திருக்கும், உள்ளே இன்னும் திரவம். கீழே தண்ணீர் தெளிக்கத் தெளிக்க முழுதும் உறைந்து, வளைந்து, படுக்கைவாட்டில் நிமிர்ந்து, வெட்டுப்பட்டு பில்லெட்டாகிறது. ஏதாவது ஓரிடத்தில் தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் திரவம் கொட்டிவிடும், காஸ்டிங் மேடையில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய பயம்.

எனக்குப் பிடித்த பகுதி உருட்டாலை, காரணம் அங்கே கணக்கு கண்ணுக்குத் தெரியும். 130 மி.மீ. சதுரம், 6 மீட்டர் நீளமுள்ள ஒரு பில்லெட் ஏறக்குறைய 800 கிலோ. அதை 1,100 டிகிரிக்கு மேல் சூடாக்கி 12 மி.மீ. கம்பியாக்கினால், குறுக்குவெட்டு 150 மடங்கு சுருங்குகிறது, ஆகவே நீளம் 150 மடங்கு கூடி 900 மீட்டருக்குப் போகிறது. இது ஒரே அழுத்தலில் நடக்காது. வரிசையாக நிற்கும் ரோல் ஸ்டாண்டுகளில் முட்டை வடிவம், அப்புறம் வட்டம், மறுபடி முட்டை, மறுபடி வட்டம் என்று மாற்றி மாற்றி நசுக்கி இழுப்பார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டும் முந்தையதைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கம்பி மடங்கி நிற்கும். முதல் ஸ்டாண்டில் நொடிக்கு 10 சென்டிமீட்டராக ஊர்ந்து நுழைந்த பில்லெட், கடைசி ஸ்டாண்டில் நொடிக்கு 15 மீட்டராக, மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வரும். வழி தவறினால் செக்கச்சிவந்த கம்பி வானத்தில் சுருள் சுருளாக எழும்பி விழும், காபிள் என்பார்கள், பார்த்தவர்கள் யாரும் அதன் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். பழைய பாணிச் சின்ன மில்களில் ஸ்டாண்டிலிருந்து வரும் கம்பியின் தலையை ஆளே இடுக்கியால் பிடித்துத் திருப்பி அடுத்த ஸ்டாண்டில் செருகும் வேலை உண்டு. அந்த வேலையை மனிதர்கள் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

கம்பியின் மேலுள்ள வரிகள், ஆலையின் பெயர் எல்லாம் கடைசி ரோலில் வெட்டிய பள்ளங்களின் பதிவு. பெயர் ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி வருவதற்கும் அந்த ரோலின் சுற்றளவுதான் காரணம்.

கடைசி ஸ்டாண்டைத் தாண்டியதும் கம்பி தண்ணீர்ப் பெட்டிக்குள் பாய்கிறது. டி.எம்.டி. (தெர்மோ மெக்கானிக்கலி ட்ரீட்டட், அதாவது சூட்டாலும் அழுத்தத்தாலும் பக்குவப்படுத்தியது) என்கிற மூன்றெழுத்தின் உயிர் இங்கேதான். ஏறக்குறைய 1,000 டிகிரியில் உள்ளே போகிற கம்பியின் தோலை, அழுத்தமான நீர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சடாரென்று குளிர்வித்து மார்ட்டென்சைட் என்கிற கடினமான நிலைக்குக் கொண்டுபோகிறது. நடுப்பகுதிக்குத் தண்ணீரின் சேதி எட்டவே இல்லை, அது சிவந்தே இருக்கிறது. பெட்டியை விட்டு வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் சூடு தோலுக்குக் கசிந்து, கண்ணாடி போல் உடையக்கூடியதாக இருந்த தோலைப் பக்குவப்படுத்தி உறுதியாக்குகிறது. நடுப்பகுதி குளிர் மேடையில் மெதுவாக ஆறி, வளையும் தன்மையோடு நிற்கிறது. வெளியே வலு, உள்ளே இணக்கம், இரண்டும் விலையுயர்ந்த கலப்பு உலோகம் எதையும் கூடுதலாகப் போடாமல் வெறும் தண்ணீரால் கிடைத்தவை. 1970-களில் பெல்ஜியத்தில் உருவான உத்தி இது. முன்பு வீடுகளில் போட்ட முறுக்குக் கம்பியில், ஆறிய கம்பியை முறுக்கித்தான் வலு ஏற்றினார்கள், வலு ஏறிய அளவுக்கு வளையும் தன்மை குறைந்துபோனது.

டி.எம்.டி. என்று அச்சடித்திருந்தாலும் தண்ணீர்ப் பெட்டி ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கம்பியைக் குறுக்கே வெட்டி, மழமழவென்று தேய்த்து, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவினால், வெளியே கருமையாக ஒரு வளையம் சீரான தடிமனில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போயிருந்தால் தண்ணீர் சமமாகப் படவில்லை. வாங்குபவர் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், சோதனைக்கூடத்தில் செய்து தருவார்கள்.

வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டியது டெஸ்ட் சர்ட்டிபிகேட். கம்பிக் கட்டில் தொங்கும் அட்டையில் ஒரு ஹீட் எண் இருக்கும், அது எந்த உலையில், எந்த ஹீட்டில் உருகிய எஃகு என்பதன் முகவரி. சர்ட்டிபிகேட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். கம்பிக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1786-ன்படி 500 என்ற ரகத்துக்கும் 500டி என்ற ரகத்துக்கும் வலுவில் பெரிய வேறுபாடு கிடையாது, அறுபடுமுன் நீளும் அளவில் இருக்கிறது: முன்னதற்குக் குறைந்தது 12 சதவீதம், பின்னதற்கு 16. கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்து முன்னதில் 0.105 சதவீதம் வரை போகலாம், பின்னதில் 0.075-ஐத் தாண்டக்கூடாது. சுத்திகரிக்காத உலைக்கு அந்த இரண்டாவது எண்தான் கஷ்டமான பரீட்சை. சொந்த உலை இல்லாமல் பில்லெட்டை வெளியே வாங்கி உருட்டும் மில்களும் ஏராளம், அந்தக் கம்பி என்றால் பில்லெட் யாருடையது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.